கண்ணில் வந்தது

இராஜகுமாரியின் இடது கண்ணை எடுத்தபோது மகள் யசோதினி கைக்குழந்தை. பார்வையின் ஓரத்தில் நிழல் விழுகிறதே என்று கண்டி ஆஸ்பத்திரிக்குப் போனவளிடம், கண்ணுக்குள் கறுப்பாய்ப் புற்று வளர்ந்திருக்கிறது, கண்ணை எடுப்பதுதான் உயிருக்கு நல்லது என்று சொல்லிவிட்டார்கள். அன்று அவள் அழுத அழுகைக்கு வார்டே திரும்பிப் பார்த்தது.

பிறகு பொய்க்கண் வைத்தார்கள். கொஞ்ச காலம் தேத்தண்ணியைக் கோப்பைக்கு வெளியே ஊற்றினாள், படியிறங்கத் தடுமாறினாள். எல்லாம் பழகிப்போயிற்று. நாவலப்பிட்டி புடைவைக் கடையில் சாரிக்குத் தோதான சட்டைத்துணி எடுத்துக் கொடுப்பதில் அவளுக்கு நல்ல பெயர். வருஷாவருஷம் ஈரலை ஸ்கேன் பண்ண வேண்டும் என்றிருந்தார்கள். பேக்கரியில் வேலைசெய்யும் கணவர் முத்துலிங்கம் லீவு போட்டுக் கூட்டிப்போவார். ஒன்றுமில்லை என்பார்கள், திரும்பி வருவார்கள். கண்ணில் வந்த நோய்க்கு ஈரலை ஏன் பார்க்கிறார்கள் என்று கேட்பதையும் இருவரும் விட்டுவிட்டார்கள்.

யசோதினி உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் வருஷம், யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர் ஸ்கேன் படத்தை நெடுநேரம் பார்த்தார்.

"கண்ணில வந்ததுதான் அம்மா, இப்ப ஈரலுக்குப் போயிருக்கு. சிலருக்குக் கன வருஷம் கழிச்சும் இப்பிடி வாறது."

"ஒரு தடவகூட தவறாம வந்தோமே, டாக்டர்" என்றார் முத்துலிங்கம்.

"ஓம். அதாலதான் சின்னனா இருக்கேக்க பிடிச்சம். வெட்டி எடுக்கலாம். திரும்ப வராது எண்டு மட்டும் என்னால சொல்லேலாது."

இராஜகுமாரி தலையாட்டினாள். அழுகை வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. பஸ்ஸில் முத்துலிங்கம் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். குடையை எடுத்தீங்களா என்று அவள் கேட்டாள். வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் மகள் கட்டிக்கொண்டு அழுதாள். யார் வீட்டுப் பிள்ளையையோ தேற்றுவதுபோல இராஜகுமாரி மகளின் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

ஈரலில் ஒரு பகுதியை எடுத்தார்கள். காயம் ஆறிய பிறகு எடுத்த படத்தில் எதுவும் இல்லை. இனி வருஷத்துக்கு ஒருமுறை போதாது, அடிக்கடி வரவேண்டும் என்றார்கள். கடை முதலாளி ஸெய்னுலாப்தீன் அல்ஹம்துலில்லாஹ் என்றார். அக்கம்பக்கத்தார் கோயிலுக்குப் போகச் சொன்னார்கள். போனாள். கைகூப்பி நின்றவளுக்கு, கேட்க ஒன்றும் தோன்றவில்லை.

"சந்தோஷமா இல்லையா, ராஜி?" என்று அன்றைக்கு முத்துலிங்கம் மெதுவாகக் கேட்டார்.

அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"பயமும் இல்லங்க, சந்தோஷமும் இல்ல. சாப்பிட வாங்க, ஆறிப்போகுது."