மூடிய ஜிப்போடு நாற்பது பவுச்

1. வெள்ளிக்கிழமை காலை

நாற்பது பவுச்சையும் தைத்து முடித்துவிட்டு, முதல் பவுச்சை எடுத்து நல்ல பக்கம் வெளியே வரும்படி திருப்பப் பார்த்தேன். திருப்ப வழியில்லை. சுற்றிலும் தையல். ஜிப் மூடியிருந்தது. அதைத் திறக்கும் நாக்கு பைக்குள்ளே மாட்டிக்கொண்டிருந்தது. விரல் நுழைய ஓர் ஓட்டைகூட இல்லை.

இரண்டாவதை எடுத்தேன். அதுவும் அப்படியே. பதினேழு வரை பார்த்தேன். நாற்பதும் ஒரே மாதிரிதான் இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரே மாதிரி தைப்பதற்குத்தான் கம்பெனியில் எனக்கு நல்ல பெயர்.

பவுச்சுகள் எதிர்வீட்டு வளர்மதிக்கு. ஞாயிறு காலை அவள் மகளுக்கு வளைகாப்பு. வரும் பெண்களுக்கு வளையல் போட்டுக் கொடுக்க ஆளுக்கு ஒரு பவுச் வேண்டும் என்றாள். கடையில் துணி வாங்கியிருந்தால் நான் இதை எழுதியே இருக்க மாட்டேன், ஓடிப்போய் அதே துணியை வாங்கி மறுபடி தைத்திருப்பேன். அவள் கொண்டுவந்து கொடுத்தது தன் வளைகாப்புக்குக் கட்டிய மாம்பழ நிறப் பட்டுப்புடவை.

“பீரோல மடிச்சே கெடந்து மடிப்புல விட்டுப் போவுதுக்கா. எம்பொண்ணு வயித்துல இருக்கசொல்ல கட்டுனது. அவ வளைகாப்புக்கு வர்றவங்க கையிலயாவது போவட்டும். நீ வெட்டு” என்றாள்.

“நல்லா யோசிச்சுக்க வளரு. வெட்டுனா வெட்டுனதுதான்.”

“உன்ன நம்பித்தான் குடுக்கறேன். நீ கம்பெனி டெய்லராச்சே.”

அந்தக் கடைசி வார்த்தைக்குத்தான் நான் மயங்கினேன்.

2. கம்பெனி டெய்லர்

ஏம்பலத்தில் எங்கள் தெருவில் என்னை அப்படித்தான் சொல்வார்கள். திருபுவனையில் ஒரு பை கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தேன். காலையில் கம்பெனி பஸ், சாயங்காலம் கம்பெனி பஸ். போன வருஷம் முதுகு ஒத்துழைக்காததால் நின்றுவிட்டேன். நின்ற மறுவாரமே தெருப் பெண்கள் ப்ளவுஸ் துணியோடு வந்தார்கள். “ப்ளவுஸ் எடுக்கறதில்ல, பை மட்டுந்தான்” என்றேன். அதற்கப்புறம் மரியாதை இன்னும் கூடியது.

உண்மை என்னவென்றால் எனக்கு ப்ளவுஸ் தைக்கத் தெரியாது. பையும் முழுதாகத் தைத்ததில்லை. இருபத்திரண்டு வருஷமும் நான் தைத்தது ஜிப். ஜிப் மட்டும். பண்டில் பண்டிலாகத் துணி என் டேபிளுக்கு வரும். வெளித்துணிக்கும் லைனிங்குக்கும் நடுவில் ஜிப்பை வைத்து ஒரு தையல், மறுபக்கம் ஒரு தையல், மேலே ஓரத்தையல். முடித்ததும் ஜிப்பை மூடி அடுத்த ஆளுக்குத் தள்ளிவிட வேண்டும். என் பை எந்த நாட்டில் யார் தோளில் தொங்கியதோ தெரியாது. அதன் ஜிப் மட்டும் ஒழுங்காக ஓடியிருக்கும்.

சேர்ந்த புதிதில் ஒரு நாள் ஜிப்பை மூடாமல் தள்ளிவிட்டேன். சூப்பர்வைசர் அந்தப் பண்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“இன்னாம்மா இது, வாயத் தொறந்துகினு போவுது? வழியில ரன்னர் கழண்டு வுழுந்தா நீ வந்து தேடுவியா? மூடாத பீஸு உன் டேபிள வுட்டுத் தாண்டக்கூடாது.”

அதன்பிறகு ஒன்றுகூடத் தாண்டவில்லை. ரன்னர் என்பது ஜிப்பில் ஓடுகிற உலோகத் துண்டு. என்னைப் பொறுத்தவரை அது எப்போதும் மூடிய பக்கத்தில்தான் இருக்க வேண்டும். இன்றைக்கும் பஸ்ஸில் யாருடைய பையாவது திறந்திருந்தால் மூடச் சொல்லிவிடுவேன். சிலர் முறைப்பார்கள்.

3. லைன் போட்டுத் தைத்தது

வீட்டில் மோட்டார் மாட்டிய மிஷின் இருக்கிறது. வில்லியனூரில் எட்டு அங்குல ஜிப் நாற்பது வாங்கினேன். ஒரு பவுச்சுக்குப் பட்டில் இரண்டு துண்டு, லைனிங்குக்குக் காடாத்துணியில் இரண்டு துண்டு, எல்லாம் ஒன்பதுக்கு ஏழு அங்குலம். புடவையை இரண்டு தடவை அளந்துவிட்டுத்தான் வெட்டினேன். கத்தரி நேராகத்தான் போனது.

வீட்டில் தைக்கிறவர்கள் யாராக இருந்தாலும் ஒரு பவுச்சைத் தைத்து முடித்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவார்கள். நான் கம்பெனி ஆளாயிற்றே. தனி ஆளாக லைன் போட்டேன். செவ்வாய், புதன் நாற்பதுக்கும் ஜிப். வியாழக்கிழமை பட்டோடு பட்டு, லைனிங்கோடு லைனிங் வைத்து நாற்பதுக்கும் சுற்றுத்தையல். எங்கேயும் இடைவெளி விடவில்லை. தையல் விட்டுப்போன இடத்துக்கு எங்கள் கம்பெனியில் ஓப்பன் சீம் என்று பெயர். செக்கிங்கில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவார்கள். என் வீட்டில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்ட ஆள் இல்லாவிட்டாலும் நான் அதற்கு இடம் கொடுக்கவில்லை. ஆக, மூடிய ஜிப்பும் விடாத தையலுமாக நாற்பதும் சுத்தமாக முடிந்தன.

பட்டில் தையலைப் பிரித்தால் ஊசி ஓட்டை போகவே போகாது. அதனால் வெளித்துணியைத் தொட முடியாது. லைனிங் அடியில் பிரிக்கலாம். ஒன்றில் நான்கு விரல் அகலம் பிரித்துக் கையை விட்டேன். ஜிப்பின் பின்பக்கம் தெரிந்தது. ரன்னரைத் தள்ளினேன். அசையவில்லை. அது நாக்குப் படுத்தால் பூட்டிக்கொள்கிற ரகம். நாக்கோ அந்தப் பக்கம், பட்டுக்குள் படுத்திருந்தது. பலமாகத் தள்ளினால் பல் பிய்யும். பல் பிய்ந்தால் ஜிப்பை மாற்ற வேண்டும், ஜிப்பை மாற்றினால் பட்டு போச்சு.

இருபத்தைந்து வருஷம் காப்பாற்றி வைத்த புடவையை ஒருத்தி நம்பிக் கொடுத்து, நான் அதை நாற்பது மூட்டையாகக் கட்டி வைத்திருக்கிறேன். அந்த நேரம் பார்த்து வளர்மதியே வாசலில் வந்து நின்றாள்.

“இன்னாக்கா, உள்பக்கமெல்லாம் வெளிய தெரியுது?”

“இன்னும் திருப்பல.”

“எப்ப திருப்புவ?”

“அது தனி ஆபரேஷன்” என்றேன். கம்பெனியில் ஒவ்வொரு ஆள் செய்கிற வேலைக்கும் ஆபரேஷன் என்று பெயர்.

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். அவ்வளவு பெரிய பொய்யை நான் அதற்குமுன் சொன்னதில்லை. அது பொய்யில்லை என்று பிறகுதான் தெரிந்தது.

4. பத்தடி

லைனில் எனக்கு அடுத்த டேபிளில் சுற்றுத்தையல் போட்டவள் கலா. அவளுக்குப் போன் அடித்தேன்.

“நான் ஜிப்ப மூடித்தானே குடுப்பேன், நீ எப்படிடி தெச்ச?”

“எனக்கு வரசொல்லவே பாதி தொறந்துதாங்க்கா வரும்.”

“யார் தொறந்தா?”

“முத்துலட்சுமிதான். உனக்குத் தெரியாதா?”

எனக்குத் தெரியாது. என் டேபிளுக்கும் கலா டேபிளுக்கும் நடுவில் பத்தடி இருக்கும். அந்தப் பத்தடியில் முத்துலட்சுமி என்று ஒரு ஹெல்பர் நின்றுகொண்டிருப்பாள். அவள் என் முதுகுக்குப் பின்னால் என்ன செய்கிறாள் என்று நான் திரும்பிப் பார்த்ததே இல்லை. ஒரு தடவை டீ டைமில் பத்துப் பேர் முன்னால் அவளிடம், “நாங்க குனிஞ்சு முதுகு ஒடியறோம், நீ நின்னுகினே இருக்க. நின்னுகினு இருக்கறதெல்லாம் ஒரு வேலையா?” என்று கேட்டிருக்கிறேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவளும் ஏம்பலம்தான், மூன்று தெரு தள்ளி. அன்றைக்கு அவளுக்கு வார லீவு. போவதற்கு எனக்குக் கால் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமையை நினைத்துப் போனேன். லைனிங் பிரித்த அந்தப் பவுச்சையும் கையோடு கொண்டுபோனேன்.

முத்துலட்சுமி அதைத் தடவிப் பார்த்தாள். “தையல் நல்லாத்தாங்க்கா இருக்குது.”

“தொறக்க முடியல முத்து.”

“மாசத்துக்கு நாலஞ்சு இப்படி மாட்டிக்கும். எங்கிட்டதான் குடுப்பாங்க.”

செய்து காட்டினாள். பட்டின் மேலிருந்தே விரலால் தடவி ரன்னரின் நாக்கைப் பிடித்தாள். அதைத் துணியோடு சேர்த்துச் செங்குத்தாக நிறுத்தினாள். பூட்டு விட்டது. லைனிங்கில் நான் பிரித்த வழியாக மற்ற கையை விட்டு, கட்டைவிரல் நகத்தால் ரன்னரைப் பின்னாலிருந்து தள்ளினாள். ஜிப் பாதி திறந்தது. முழுவதையும் வெளியே இழுத்துத் திருப்பி என் கையில் கொடுத்தாள். மாம்பழ நிறத்தில் ஒரு பவுச்.

அவளே என்னோடு வீட்டுக்கு வந்தாள். நான் லைனிங் பிரித்தேன், அவள் திறந்து திருப்பினாள், நான் பிரித்த இடத்தை ஓரத்தையல் போட்டு மூடினேன். முப்பத்தொன்றாவதில் ரன்னர் ஒரு பக்கப் பல்லை விட்டுக் கழன்றது. அவள் பயந்து என்னைப் பார்த்தாள். அதை நான் மறுபடி பல்லில் ஏற்றினேன். அது மட்டும் எனக்குத் தெரியும். விளக்கு வைக்கும் நேரத்துக்குள் நாற்பதும் முடிந்தன.

டீ கொடுத்தேன். குடித்துக்கொண்டே, “அக்கா, அன்னிக்கு டீ டைம்ல ஒன்னு சொன்னியே, ஞாபகம் இருக்குதா?” என்றாள்.

“இருக்குது.”

“எனக்கும் இருக்குது” என்றாள்.

“தப்புதான் முத்து. தெரியாம பேசிட்டேன்” என்றேன். அவள் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாள்.

5. ஞாயிற்றுக்கிழமை

பவுச் தைக்கப் போகும் பிள்ளைகளுக்கு மூன்று விஷயம். சுற்றுத்தையல் போடும் முன் ஜிப்பைப் பாதி திறந்து வையுங்கள். லைனிங் அடியில் நான்கு விரல் இடைவெளி விடுங்கள். எத்தனை பவுச் ஆனாலும் முதலில் ஒன்றை முழுதாக முடித்துப் பாருங்கள். கம்பெனியில் வேலை பார்த்தவர்கள் மூன்றாவதை இரண்டு தடவை படிக்கவும்.

வளைகாப்புக்கு முத்துலட்சுமியை நான்தான் அழைத்துப் போனேன். வளர்மதி ஒரு பவுச்சைக் கையில் வைத்துத் தடவித் தடவிப் பார்த்தாள். அழுதாள். பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, “எங்க கம்பெனி டெய்லரு தெச்சது” என்றாள்.

“ஜிப்பு நான் தெச்சது. தொறந்து திருப்புனது இவ” என்று முத்துலட்சுமியைக் காட்டினேன்.

வளர்மதி சிரித்தாள். “தொறக்கறதெல்லாம் ஒரு வேலையாக்கா?”

முத்துலட்சுமி என்னைப் பார்த்தாள். கூடத்தில் பத்துப் பேருக்கு மேல் இருந்தார்கள், அன்றைக்கு டீ டைமில் இருந்ததைவிட அதிகம். நாற்பதும் திறக்காமல் கிடந்ததையும், தனி ஆபரேஷன் என்று நான் அளந்ததையும், எனக்கு ஜிப்பைத் தவிர வேறொன்றும் தைக்கத் தெரியாது என்பதையும் அத்தனை பேர் முன்னால் சொன்னேன். வளர்மதி கையிலிருந்த பவுச்சை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“வேலைதான் வளரு. இவ இல்லன்னா உன் பொடவ போயிருக்கும்” என்றேன்.

வளர்மதி தட்டிலிருந்து ஒரு டஜன் வளையலை எடுத்து, முத்துலட்சுமியை உட்காரவைத்து, வந்தவர்களில் அவளுக்குத்தான் முதலில் போட்டுவிட்டாள்.