கூட்டேரிப்பட்டில் அக்காவை விட்டது

அக்காவை நானும் தம்பியும் கூட்டேரிப்பட்டில்தான் கைமாற்றிக்கொள்வோம். நான் விழுப்புரத்திலிருந்து வண்டியில் ஏற்றி வருவேன். அவன் திண்டிவனத்திலிருந்து வருவான். நெடுஞ்சாலை ஓரத்து டீக்கடையில் அவள் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் அவள் பை இன்னொரு வண்டிக்குப் போயிருக்கும்.

அக்காவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. கோலியனூரிலிருந்து ஒரு நல்ல இடம் வந்தது. அம்மா படுக்கையில் இருந்த நேரம். அம்மா தேறட்டும் என்று நாங்கள் இரண்டு பேரும் சொன்னோம். அம்மா ஒன்பது வருடம் படுத்திருந்து செத்தாள். அதற்குள் எங்கள் இருவருக்கும் கல்யாணம் முடிந்திருந்தது.

அதன்பின் வேலை இருக்கும் வீட்டில் அக்கா இருந்தாள். தம்பி மனைவியின் இரண்டு பிரசவத்துக்கும் திண்டிவனம். என் மாமியாருக்குப் பக்கவாதம் வந்தபோது விழுப்புரம். இரண்டு வருடம் அவரைத் தூக்கினாள், துடைத்தாள், ஊட்டினாள். அவர் கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுத்தாள். மாமியார் இறந்ததும் அந்த அறை காலியானது. அக்காவின் பாய் மட்டும் ஹாலுக்கு வந்தது. ஏன் என்று அவள் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

பிறகு அவளுக்கு முட்டி போயிற்று. குந்தவே கூடாது, படி ஏறக் கூடாது என்றார் டாக்டர்.

"நம்ம வீட்டு டாய்லெட்டுல அவங்க எப்பிடிக் குந்துவாங்க? உங்க தம்பி வீட்லதான் வெஸ்டர்ன் இருக்குதே" என்றாள் என் மனைவி. அதை மாற்றிக் கட்ட இரண்டு நாள் வேலை. அது எங்கள் இருவருக்கும் தெரியும்.

தம்பி குடியிருப்பது மாடியில். அவன் சாக்கு அது. நான் அவனிடம் கேட்காமலே, கூட்டேரிப்பட்டில் வந்து நில் என்று மட்டும் போனில் சொல்லிவிட்டு அக்காவைக் கிளப்பினேன். டீக்கடையில் அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றான்.

"நான் சரின்னே சொல்லலியேண்ணா. நீ பாட்டுக்கு இட்டுக்கினு வந்தா நான் இன்னா பண்றது?"

"ரெண்டு வருசம் நான் வச்சிருந்தேன்டா."

"உங்க மாமியாரப் பாக்க வச்சிருந்த. இப்ப முட்டி போனதும் என் தலையில கட்டுற."

அக்கா நாலடி தள்ளி பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்தது.

"ரோட்டுல நின்னுக்கினு சண்ட போடாதீங்கடா. யார் வீடா இருந்தா இன்னா, நான் ஒரு மூலையில இருந்துக்கறேன்."

நான் பையை அவள் காலடியில் வைத்துவிட்டு வண்டியை எடுத்தேன். கண்ணாடியில் தம்பியும் வண்டியைத் திருப்புவது தெரிந்தது. அவளை ஏற்றத்தான் திருப்புகிறான் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது வசதியாக இருந்தது.

மூன்று நாள் நானும் தம்பியும் பேசிக்கொள்ளவில்லை. நான்காம் நாள் அவன் மனைவி என் மனைவிக்குப் போன் செய்தாள். "அக்காவோட பொடவ ரெண்ட போன தடவ இங்கயே விட்டுட்டாங்க. உங்க வீட்டுக்கு அனுப்பட்டுமா?"

டீக்கடைக்கு ஓடினேன். கடைக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"அன்னிக்கி சாயங்காலம் வரைக்கும் குந்திக்கினு இருந்துச்சுப்பா. நான் கேட்டதுக்கு, ரெண்டு பேரும் என் தம்பிங்கதான், ஒருத்தனாவது திரும்பி வருவான்னுச்சு. பொறவு அதுவே யாருக்கோ போன் பண்ணுச்சு. ஒரு டீச்சரம்மா கார்ல வந்து இட்டுக்கினு போனாங்க."

யாரென்று புரிந்தது. மாமியார் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பக்கத்துக் கட்டிலில் கிடந்த கணவரைப் பார்த்துக்கொண்டிருந்த, சர்ச்சுக்குப் போகும் வேதக்கார அம்மா. ஓய்வுபெற்ற ஆசிரியை. கணவர் போனபின் திண்டிவனத்தில் தனியாக இருந்தார்.

எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான். வெட்கம் பிறகு வந்தது, அதுவும் கொஞ்சம்தான். நான் அவளைப் பார்க்கப் போகவில்லை. அதே ஊரில் இருந்த தம்பியும் போகவில்லை.

எட்டு மாதம் கழித்து என் மகள் பிரசவத்துக்கு வந்தாள். "போய் உங்க அக்காவ இட்டுக்கினு வாங்க. அவங்க கைப்பக்குவம் வேற யாருக்கு வரும்?" என்றாள் மனைவி. டீச்சரம்மா வீட்டை விசாரித்துக்கொண்டு நான் திண்டிவனம் கிளம்பினேன்.

அக்காதான் கதவைத் திறந்தாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள்.

"வாங்க. உக்காருங்க" என்றாள்.

பிறந்ததிலிருந்து என்னை வாடா போடா என்றே கூப்பிட்டவள். உள்ளே டீச்சரம்மா டிவி பார்த்துக்கொண்டிருந்தார். முன்னறையில் வாடகைக்கு இருக்கும் இளம் நர்ஸ் எட்டிப் பார்த்து, "யாரும்மா?" என்றாள்.

"தெரிஞ்சவங்க" என்றாள் அக்கா.

டீயும் பிஸ்கட்டும் கொண்டுவந்து வைத்தாள். நான் மகளைப் பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள்.

"நல்லபடியா பொறக்கட்டும். எனக்கு முட்டி முடியலீங்க. வேற ஆளு பாத்துக்குங்க."

"அக்கா, நான் அன்னிக்கி…"

"டீ ஆறுது, குடிங்க."

குடித்தேன். எழுந்தபோது அவள் வாசல்வரை வரவில்லை.

பேரன் பிறந்தான். தொட்டில் போட்ட அன்று கெடாரிலிருந்து வந்த பெரியம்மா, அக்கா எங்கே என்று என்னைக் கேட்டாள். தம்பி வீட்டில் இருக்கிறாள் என்றேன். தம்பி வந்ததும் அவனிடமும் கேட்டாள். அண்ணன் வீட்டில்தான் இருந்தாள், கோவிலுக்குப் போயிருப்பாள் என்றான். பெரியம்மா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு இலையில் சாம்பார் ஊற்றச் சொன்னாள்.