சம்மதம் கேட்க வந்த மாமா

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு நான் முதன்முதலாகப் போன அன்று, தக்காளிக்காரம்மா என்னைப் பார்த்ததும் தராசைக் கீழே வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள். திரும்பிப் பார்த்தேன், பின்னால் ஒருவரும் இல்லை. "ஆத்தா எறங்கிகீறா. இந்தக் கோலத்துல சந்தைக்கு எதுக்குமா வந்துகீற? வூட்டுக்குப் போயி வேப்பிலை மேல படு" என்றாள். என் இரண்டு கன்னங்களிலும் இருந்த தனகாவைப் பார்த்து எனக்கு அம்மை போட்டிருப்பதாக நினைத்துவிட்டாள். ரங்கூனில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இந்த ஊர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: தனகா ஒரு மரத்தின் பட்டை. கல்லில் தண்ணீர் விட்டு உரைத்துச் சந்தனம் போலப் பூசிக்கொண்டால் வெயில் உறைக்காது. அங்கே அதைப் பூசாமல் வெளியே வருகிறவளைத்தான் உடம்பு சரியில்லையா என்று கேட்பார்கள். "அம்மை இல்லம்மா, அழகுக்குப் பூசுறது" என்றேன். "அய்ய, அளகுக்காமே" என்று அவள் பக்கத்துக் கடைக்காரியிடம் சொல்லிச் சிரித்தாள். அந்த நேரம் பார்த்து, எங்களோடு பர்மாவிலிருந்து வந்த மெஹ்ருன் கத்தரிக்காய்க் கூடையோடு வந்து சேர்ந்தாள். அவள் கன்னத்திலும் தனகா. தக்காளிக்காரம்மா மறுபடியும் கும்பிட்டாள்.

அறுபதுகளின் நடுவில், பர்மாவில் பிழைப்புப் போய்க் கப்பலேறி வந்த தமிழ்க் குடும்பங்களில் நாங்களும் ஒன்று. பூர்வீகம் ராமநாதபுரம் பக்கம் என்று வாப்பா சொல்வார், நான் பார்த்ததில்லை. அவருக்குப் பல்லாவரத்தில் ஒரு தோல் மண்டியில் வேலை கிடைத்தது. பள்ளிவாசலுக்குப் பின்னால் ஒரு சந்து முழுக்க எங்களைப் போன்றவர்கள்தான். ஒரு வீட்டில் மீன் பொரித்தால் எல்லா வீட்டுக்கும் பசியெடுக்கும், அவ்வளவு நெருக்கம். ரங்கூன் கடைத்தெருவில் வியாபாரம் முழுக்கப் பெண்கள் கையில். வாயில் சுருட்டோடு உட்கார்ந்து உரக்கச் சிரிப்பார்கள். இங்கே வந்ததும் என் தலைமேல் வெள்ளைத் துப்பட்டி ஏறியது, வாசலில் நின்றால் நாலு கண் முளைத்தது. ஆனால் வெள்ளிக்கிழமை நண்பகலில் ஆண்கள் மொத்தமும் ஜும்ஆ தொழுகைக்குப் போய்விடுவார்கள். அந்தக் கொஞ்ச நேரம் சந்தும் சந்தையும் எங்கள் ராஜ்ஜியம். வாரம் முழுக்க அதற்காகத்தான் காத்திருப்பேன்.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் தாம்பரத்தில் டைப்ரைட்டிங் படிக்க ஆசைப்பட்டேன். எலக்ட்ரிக் டிரெயினில் போய்வர வேண்டும். எவனாவது பின்னால் வந்துவிட்டால் என்ன செய்வது என்று சந்தே கூடி யோசித்தது. கடைசியில், மோல்மேன் ஊரிலிருந்து எங்களோடு ஒரே கப்பலில் வந்த அந்த மெஹ்ருனையே துணைக்கு அனுப்பலாம் என்று முடிவாயிற்று. என்னைவிட ஒரு வயது மூத்தவள், நல்ல உயரம், ஆண்பிள்ளைகளை ஏறெடுத்தும் பார்க்காதவள். "மெஹ்ரு கூடப் போனா ஒரு கவலையும் இல்ல" என்றார் உம்மா. பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதை. இங்கே ஒரு வித்தியாசம், பாலும் பூனையாகத்தான் இருந்தது.

எனக்கு மெஹ்ருனைப் பிடித்திருந்தது. தோழியைப் பிடிப்பது போல அல்ல. டைப்ரைட்டரில் அவள் விரல்கள் ஓடும்போது என் விரல்கள் நின்றுவிடும். ஒருநாள் குரோம்பேட்டை தாண்டியதும் சன்னலோரம் என் துப்பட்டிக்குள் கைவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். தாம்பரம் வரும்வரை நானும் விடவில்லை. அன்று டைப் அடித்ததில் ஒரு வரிகூடச் சரியில்லை. மாஸ்டர் திட்டத் திட்ட எனக்குச் சிரிப்பு பொங்கியது. இப்போது பத்திரிகைகளில் இதற்கெல்லாம் பெயர் வைத்து எழுதுகிறார்கள். எங்களுக்குத் தமிழிலும் பர்மியிலும் அதற்கு ஒரு சொல் தெரியாது. சந்தோஷம் என்று மட்டும் தெரிந்தது. எங்கள் டிரெயின் பெட்டியில் தினமும் வரும் கிறிஸ்தவ டீச்சர் ஒருவர், "நீங்க ரெண்டு பேரும் சிஸ்டர்ஸா?" என்று கேட்டார். "இல்ல டீச்சர், ஒரே கப்பல்" என்றாள் மெஹ்ருன். "ஓ, கஸின்ஸ்" என்று டீச்சர் புரிந்துகொண்டார். நாங்கள் திருத்தவில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் எனக்கு மாப்பிள்ளை பேசினார்கள். அவரும் பர்மாவிலிருந்து வந்தவர்; குறை சொல்ல ஒன்றுமில்லை. எனக்கு வேண்டாம் என்று உம்மாவிடம் சொன்னேன். "எல்லாப் பொண்ணும் அப்படித்தான் சொல்லும்" என்று மருதாணி அரைக்கப் போய்விட்டார். வாப்பாவிடம் சொல்ல வாய் வரவில்லை. மெஹ்ருன் அழுதாள், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். எங்கள் வழக்கத்தில் நிக்காஹ் நடக்கும் முன் பெண்ணின் வக்கீலாக உறவுக்காரர் ஒருவர் இரண்டு சாட்சிகளோடு வந்து, பெண்ணிடம் சம்மதம் கேட்க வேண்டும். பெண் வெட்கத்தில் பேசாமல் இருந்தால் அதுவே சம்மதம். பேசினவளை எங்கள் சந்தில் யாரும் கண்டதில்லை. "அவுங்க கேக்குறப்பச் சொல்லு. இப்பச் சொன்னா வெட்கம்பாங்க, அப்பச் சொன்னா செல்லும்" என்றாள் மெஹ்ருன்.

நிக்காஹ் அன்று என் பக்கத்தில் யாரை உட்கார வைத்தார்கள் தெரியுமா? பெண் பயப்படக் கூடாது என்று மெஹ்ருனைத்தான். வக்கீலாக வந்தவர் என் பெரிய மாமா. ஐவேளைத் தொழுகையில் ஒன்றும் தவறாதவர். அவரைக் கண்டால் சந்தில் ரேடியோ தானாக அடங்கும். திரைக்கு அந்தப் பக்கம் நின்று மாப்பிள்ளை பெயரைச் சொல்லி, "சம்மதமா புள்ள?" என்று கேட்டார். நான் விரலில் இருந்த மருதாணியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். என் சின்னம்மா முந்திக்கொண்டு, "பேசாம இருக்கா பாருங்கண்ணே, சம்மதந்தான்" என்றார். மாமாவின் செருப்பு திரும்புகிற சத்தம் கேட்டது. மெஹ்ருன் என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

"மாமா, நில்லுங்க. எனக்குச் சம்மதமில்ல."

மாமா மறுபடியும் கேட்டார், மறுபடியும் சொன்னேன். சின்னம்மா பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தினார். "சின்னப் புள்ள, ஏதோ உளறுது. நீங்க போயி சம்மதம்னு சொல்லுங்க" என்று கெஞ்சினார். அப்போதுதான் அந்த அதிசயம் நடந்தது. "என் காதால கேட்டுட்டேன். இனிமே நான் போயி சம்மதம்னு சொன்னா அது பொய்ச் சாட்சி. அல்லாவுக்கு நீயா பதில் சொல்லுவ?" என்றார் மாமா. நேராகச் சபைக்குப் போய் நிக்காஹ் இல்லை என்று சொல்லிவிட்டார். சந்திலேயே கண்டிப்பான மனிதர், அந்தக் கண்டிப்பாலேயே என்னைக் காப்பாற்றினார். என் மனசு கப்பல் சங்கு மாதிரி ஊதியது. வாப்பாவின் முகத்தை நினைத்தபோது அதே மனசு வெட்கத்தில் சுருங்கவும் செய்தது.

அதற்குப் பிறகு எனக்கு யாரும் மாப்பிள்ளை பேசவில்லை. வாய் நீண்டவள் என்று பெயர். மெஹ்ருன் இன்னும் கெட்டிக்காரி. வந்த இடங்களையெல்லாம், ஜமீலாவை, அதாவது என்னை, தனியாக விட மனமில்லை என்று சொல்லியே தட்டிக்கழித்தாள். தியாகி என்று புகழ்ந்தார்கள். இருவருக்கும் வேலை கிடைத்ததும், அதே சந்தின் கோடியில் ஒரு வீட்டில் சேர்ந்து குடியிருக்கச் சந்தே அனுமதித்தது. நோன்புக் கஞ்சி இன்றும் எங்களுக்கு ஒரே தூக்குவாளியில்தான் வருகிறது. வாப்பா கடைசிவரை அந்த வீட்டுக்குள் வந்ததில்லை.

நிக்காஹ் நின்ற அன்று மாப்பிள்ளை வீட்டார் கோபத்தோடு எழுந்து போனார்கள். சமைத்த சோறு அப்படியே இருந்தது. சண்டைக்கு நடுவில் உம்மா எங்கள் அறைக்குள் வந்தார், கையில் சஹன். நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடும் அந்தப் பெரிய தட்டை எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தார். என்னைப் பார்க்கவில்லை. மெஹ்ருனிடம், "நீயும் கை வை. இவ தனியாச் சாப்பிட மாட்டா" என்றார். போகும்போது கதவை ஒருக்களித்துச் சாத்தினார். வெளியே சின்னம்மா என்னைத் திட்டிக்கொண்டிருந்தார், சமையலுக்கு வந்திருந்த உள்ளூர்க்காரர்களுக்குப் புரியாதபடி பர்மியில். யாரோ அவரை அடக்கினார்கள், யாரோ தண்ணீர் கேட்டார்கள், நடுவில் வாப்பாவின் இருமல் கேட்டது. அத்தனையும் நான் பிறந்ததிலிருந்து கேட்ட குரல்கள். மெஹ்ருன் தன் பக்கத்துக் கறித்துண்டை என் பக்கம் தள்ளினாள். வலது கையால் அவளோடு அதே தட்டில் சோற்றைப் பிசைந்தேன். அந்தக் குரல்களும் எனக்கு வேண்டியிருந்தன; இடது கையை நீட்டி, கதவு முழுதாக மூடிக்கொள்ளாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.