இரத்தினவேல் நிரப்பிய கடைசி ரவைகள்

சந்திரகுமாருக்கு அன்றைக்கு எங்கும் போக மனமில்லை. அதிகாலையிலிருந்து பேருந்து ஓட்டியதில் முழங்கால் இரண்டும் கெஞ்சின. ஆனால் வசந்தமலரக்கா கூப்பிட்டால் தட்ட முடியாது. அவருடைய புருசன் இரத்தினவேலண்ணையின் ஆண்டுத் திவசம் நெருங்கிக்கொண்டிருந்தது. பியோர்ண்டாலில் தன் வீட்டில் போய்ச் சரிந்து படுத்திருக்க வேண்டிய மனிதர், பனிச்சேற்றை மிதித்துக்கொண்டு ட்வெய்ட்டாவில் இருந்த அக்கா வீட்டுக்குப் போனார்.

அண்ணையையும் சந்திரகுமாரையும் ஒஸ்லோத் தமிழர் விசரர் என்றுதான் சொல்வார்கள். துவக்குக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடிவந்தவர்கள், வந்த இடத்தில் காசு கொடுத்துத் துவக்கு வாங்கினால் வேறென்ன சொல்வது? வேலைத்தளத்து நோர்வேக்காரன் ஒருவன் மான் வேட்டைக்குக் கூட்டிப்போய்ப் பழக்கிய பைத்தியம் அது. பரீட்சை எழுதி, அனுமதி எடுத்து, அண்ணை தன் பெயரில் ஒரு பழைய ஜெர்மன் இராணுவத் துவக்கை வாங்கினார்.

அதன் உடம்பில் ஜெர்மன் கழுகு முத்திரை இருந்தது. கழுகைப் பார்த்ததும் இரண்டு கெட்டிக்காரர்களும் அதில் போட்டுச் சுட ஜெர்மன் ரவைத் தோட்டாக்களையே வாங்கிவிட்டார்கள். உலகப்போரில் தோற்றுப்போன ஜெர்மன்காரர் விட்டுச் சென்ற அந்தத் துவக்குக்கு நோர்வே இராணுவம் பிறகு குழலை மாற்றி, அமெரிக்க ரவைக்கு ஏற்றதாக ஆக்கியிருந்தது அவர்களுக்குத் தெரியாது. ஜெர்மன் ரவை உள்ளே போயிருக்கும், ஆனால் அதன் முனையிலிருந்து பாயும் சன்னம் குழலை விடப் பருமன். விசையை இழுத்திருந்தால் முகத்தருகே வெடித்திருக்கும். சுடுகழகத்தில் ஒருவர் குழலில் பொறித்திருந்த அளவைக் காட்டித் தடுத்தார்.

பட்டது போதும் என்று, அதன்பிறகு எல்லாவற்றையும் அண்ணை தன் கையாலேயே செய்தார். சுட்டபின் மிஞ்சும் பித்தளை வெற்றுக்கோதுகளைப் பொறுக்கித் துடைத்து, வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, புதுச் சன்னம் பூட்டுவார். என்ன மருந்து, எவ்வளவு என்று பெட்டிக்குப் பெட்டி எழுதி ஒட்டுவார். ஒருவர் நிரப்பிய ரவையை இன்னொருவர் சுடுவதில்லை என்பது கழகத்து வழக்கம். சந்திரகுமார் மட்டும் அண்ணையின் ரவையைக் கண்ணை மூடிக்கொண்டு சுட்டார்.

அக்கா தேத்தண்ணீரோடு ஒரு பெட்டியையும் கொண்டுவந்து வைத்தார். நோயோடு கிடந்த கடைசி நாட்களில், ஆஸ்பத்திரியிலிருந்து சனி ஞாயிறுக்கு வீட்டுக்கு வந்தபோது அண்ணை நிரப்பியவையாம். திவசத்தன்று சந்திரகுமார்தான் அவற்றைச் சுட வேண்டுமாம். சொல்லிக்கொண்டே மேசையைத் தடவினார்.

“எவ்வளவு தெம்பா இருந்த மனிசன். இந்த மேசையிலை இருந்து வேலை செய்துகொண்டு பகிடியும் விட்டுச் சிரிச்சவர். இன்னும் ரெண்டு நாள் நிக்கிறன் எண்டு கேட்டார். நான்தான் விடேல்லை. கொண்டுபோய் ஆஸ்பத்திரியிலை விட்டு நான்தான் அவரைச் சாகக் குடுத்தனான்.”

ஒரு வருடமாக இதே கதைதான். ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை, ஸ்தவாங்கரில் இருக்கும் மகளிடம் போய் நிற்பதுமில்லை. சந்திரகுமாருக்கும் ஆறுதல் சொல்லிச் சொல்லி வாய் அலுத்துவிட்டது. பெட்டியைத் திறந்தார்.

பெட்டியில் எதுவும் எழுதி ஒட்டியிருக்கவில்லை. அண்ணை அப்படி விடுகிற ஆள் இல்லை. ஒரு ரவையை எடுத்து அடிப்பக்கத்தைத் திருப்பினார். துவக்கின் ஊசி அடித்துத் தீ மூட்டும் சின்னப் பொட்டு அதன் நடுவில் இருக்கும். புது ரவையில் அது வழுவழுவென்று இருக்க வேண்டும். இதில் ஏற்கெனவே அடிபட்ட குழி இருந்தது. அடுத்ததிலும் குழி, அதற்கடுத்ததிலும் குழி. ஐயம் தீர, அண்ணையின் கருவியில் வைத்து ஒன்றின் சன்னத்தைக் கழற்றி, கோதை மேசையில் கவிழ்த்தார். ஒரு பொட்டு மருந்துகூட விழவில்லை.

அவருக்கு விளங்கிவிட்டது. வலிமாத்திரையில் கலங்கிய தலையோடு வெடிமருந்தைத் தொடக்கூடாது என்று அண்ணைக்குத் தெரிந்திருக்கிறது. இவற்றைச் சுடத் தான் உயிரோடு இருக்கப்போவதில்லை என்பதும் தெரிந்திருக்கிறது. மனைவியின் கண்ணுக்குத் தெம்பாகத் தெரிய வேண்டும் என்பதற்காக, வெறுங்கோதுகளில் சன்னத்தைப் பூட்டிக்கொண்டு இருந்திருக்கிறார். அதே சனிக்கிழமை சந்திரகுமாரையும் தொலைபேசியில் கூப்பிட்டு, ரவை நிரப்பிக்கொண்டிருக்கிறேன், இப்போது ஓடி வராதே, அடுத்த கிழமை ஆறுதலாக வா என்று சொல்லியிருந்தார். அதை நம்பியிருந்த சந்திரகுமார் அடுத்த கிழமை போனது செத்தவீட்டுக்கு.

சொன்னால் அக்காவின் குற்ற உணர்வு போய்விடும். கூடவே, அண்ணை தெம்பாக இருந்தார் என்ற அந்தக் கடைசிச் சந்தோசமும் போய்விடும். சுட்டுவிட்டேன் என்று ஒரு பொய் சொல்லிவிடலாம்தான். ஆனால் அந்தப் பொய்யை இனிக் காலமெல்லாம் சுமந்து திரிய அவருக்குத் தெம்பில்லை.

“அக்கா, இதுகளுக்குள்ளை மருந்து இல்லை. அண்ணை வேணுமெண்டுதான் போடேல்லை. தான் தப்பமாட்டன் எண்டு அவருக்குத் தெரியும். உங்களுக்காகத்தான் இருந்து நடிச்சிருக்கிறார்.”

அக்கா கழற்றிய கோதை எடுத்து உள்ளே பார்த்தார். பிறகு விரலை விட்டும் பார்த்தார்.

“அப்ப நான் கொண்டுபோய் விடாட்டியும்?”

“போயிருப்பார் அக்கா.”

கோதை மேசையில் நிமிர்த்தி வைத்தார். அவருடைய குரலில் கோபம்தான் இருந்தது.

“எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்.”

“எனக்கும்தான் அக்கா” என்றார் சந்திரகுமார். ஒரு வருடமாக வராத அழுகை அவருக்கு அப்போதுதான் வந்தது.