மேற்படி என்று நிரப்பிய கட்டம்

சிஸ்டர் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாலே எனக்கு எரிச்சல் வரும். இன்று அவரை நினைத்தாலும் முதலில் வருவது அந்த எரிச்சல்தான். முகக்கவசத்தின் மேல் இன்னொரு முகக்கவசம், கையில் ஸ்கூட்டர் சாவி, செருப்பெல்லாம் சேறு. உட்காரச் சொன்னால் உட்கார மாட்டார். என் தோளுக்கு மேலாகத் திரையை எட்டிப் பார்த்து, "அந்த ஏரிக்கரைத் தெரு இன்னிக்கும் ஸீரோவா சார்?" என்பார். ஆமாம் என்பேன். "எப்படி சார் ஸீரோ?" என்பார். அதை என்னிடம் கேட்டால்? வந்ததைத் தட்டச்சு செய்வதுதான் என் வேலை. தெருத் தெருவாகச் சுற்றுவது அவர் வேலை.

அது கொரோனா இரண்டாவது அலை இறங்கிக்கொண்டிருந்த நேரம். பத்து வருடமாக நான் விமான டிக்கெட் போட்டுக்கொண்டிருந்த டிராவல்ஸ் ஆபீஸை மூடிவிட்டார்கள். செம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு சுகாதார நிலையத்தில் ஒப்பந்தத்துக்கு ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தேன். அங்கே செவிலியராக இருந்தவர்தான் சிஸ்டர். என்னைவிட நாலைந்து வயது சின்னவர். டாக்டரிலிருந்து வாசலில் சோப்பு விற்ற ஆள்வரை எல்லோருக்கும் அவர் சிஸ்டர்தான். பரிசோதனையில் தொற்று உறுதியானவர்களின் பட்டியல் தினமும் மதியம் வரும். அதைத் தெருவாரியாகப் பிரித்து மாலைக்குள் மேலே அனுப்ப வேண்டும். பட்டியலில் உள்ள வீட்டு வாசலில் பேனர் கட்டுவார்கள், மருந்து அடிப்பார்கள். மூன்று பேருக்கு மேல் இருக்கிற தெருவில் பிளீச்சிங் பவுடர் தூவிக் காய்ச்சல் முகாம் போடுவார்கள். பூஜ்ஜியமாக இருக்கிற தெருவில் இருக்கிற முகாமையும் தூக்கிவிடுவார்கள்.

கட்டுப்பாடுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்த ஆரம்பித்திருந்தார்கள். முதலில் மளிகை, அப்புறம் சலூன், அப்புறம் பேருந்து. ஊரே எண்ணைக் கேட்டுக்கொண்டிருந்தது. "இன்னிக்கு எவ்ளோ சார்?" என்று கிரிக்கெட் ஸ்கோர் விசாரிப்பதுபோல விசாரிப்பார்கள். எனக்கு அது பிடித்திருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வேலை போய் மூன்று மாதம் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த மனிதனிடம் திடீரென்று எல்லோரும் ஏதோ கேட்கிறார்கள்! நானும் வீடியோவில் வரும் நிபுணர்போல, "டவுன் டிரெண்ட் சார், பயப்படாதீங்க" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

சிஸ்டருக்கு மட்டும் என் டிரெண்டில் நம்பிக்கை இல்லை. அவருக்கென்று ஒரு கணக்கு இருந்தது. காலை ஒன்பதரை மணிக்கு மேல் தெருவில் நடப்பார். கேட்டில் தொங்குகிற பால் பைகளைப் பார்ப்பார். "ஆறு மணிக்குப் போட்ட பால் பாக்கெட் பத்து மணி வரைக்கும் வெயில்ல தொங்குதுன்னா, அந்த வூட்ல எழுந்து வந்து எடுக்க ஆளு இல்லன்னு அர்த்தம் சார். அந்தத் தெருவுல இன்னிக்கு எட்டு பை தொங்குது. நீங்க ஸீரோன்றீங்க." நான் சிரித்தேன். "பால் பாக்கெட்டுக்கு ஃபார்ம்ல கட்டம் இல்லையே சிஸ்டர்," என்றேன். அவர் சிரிக்கவில்லை. நெற்றியைத் துடைத்துக்கொண்டு மறுபடி வெயிலில் இறங்கிப் போனார்.

பட்டியலில் என்ன கோளாறு என்பதை நான் உட்கார்ந்து ஐந்து நிமிடம் யோசித்திருந்தால் கண்டுபிடித்திருப்பேன். யோசிக்கவில்லை. அந்தத் தெருவில் பாதிக்கு மேல் வாடகைக் குடித்தனம். எங்கள் பகுதி வீட்டு உரிமையாளர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கேட்டில் பேனர் தொங்கினால் மாடி போர்ஷனுக்கு ஆள் வர மாட்டார்கள் என்று பயம். "டெஸ்ட்டுக்குப் போனா ஆதார்ல இருக்குற அட்ரஸையே குடுத்துடுங்க, புரியுதா?" என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார்கள். குடித்தனக்காரர்களும் வம்பு எதற்கு என்று அப்படியே கொடுத்தார்கள். ஆதாரில் இருந்ததோ கல்யாணத்துக்கு முந்தைய வீடு, சொந்த ஊர், எப்போதோ காலி செய்துவிட்டு வந்த ஏதோ ஒரு வீடு. ஏரிக்கரைத் தெருவில் படுத்துக் கிடந்தவர்கள் எல்லோரும் பட்டியலில் வேறு எங்கெங்கோ படுத்திருந்தார்கள்.

நிரந்தர முகவரிக்குக் கீழே 'தற்போதைய முகவரி' என்று ஒரு கட்டம் இருந்தது. சளி மாதிரி எடுக்கிற இடத்தில் அதைக் காலியாக விட்டுவிடுவார்கள். காலியாக இருந்தால் கணினி அடுத்த பக்கத்துக்குப் போகாது. ஃபோன் போட்டு விசாரித்து நிரப்ப வேண்டும் என்பது விதி. ஒரு நாளைக்கு வருகிற பெயர்களுக்கு ஃபோன் போட்டால் நான் எப்போது வீட்டுக்குப் போவது? அதனால் அந்தக் கட்டத்தில் 'மேற்படி' என்று தட்டிவிடுவேன். அதைத் தட்ட என் விரல்கள் பழகிவிட்டிருந்தன.

அந்தத் தெரு முனையில், என் வீட்டுக்குப் போகிற வழியில், ஒரு மளிகைக் கடை இருந்தது. கடையை நடத்தியவரை நான் அக்கா என்பேன், அவர் என்னை சார் என்பார். வீசிங் தொந்தரவு உள்ளவர். தடுப்பூசிக்கு இரண்டு முறை வரிசையில் நின்று, டோக்கன் முடிந்துவிட்டதென்று திரும்பி வந்தவர். கடை வாசலில் குறுக்கே நைலான் கயிறு கட்டி, முன்னால் ஒரு ஸ்டூல் போட்டிருந்தார். பொருளை ஸ்டூலில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார், அதற்கப்புறம்தான் நாம் எடுக்க வேண்டும். ஷட்டர் பாதிதான் திறந்திருக்கும். ஒரு நாள் மாலை துவரம் பருப்பு வாங்கப் போனபோது கேட்டார்.

"சார், நம்ம தெருவுல கொரோனா இன்னும் கீதா? எல்லாக் கடையும் தொறந்துட்டான். நான் மட்டும் கயித்தக் கட்டிகினு உக்காந்துகினு கீறேன். வர்றவங்க முறைச்சிட்டுப் போறாங்க."

"ஸீரோக்கா. ஒரு வாரமா ஸீரோ. தைரியமா தொறங்க."

"நெசமா சார்?"

"நான்தானேக்கா லிஸ்ட்டே போடுறேன்."

மறுநாள் கயிறு இல்லை. ஷட்டர் முழுசாக மேலே ஏறியிருந்தது. உள்ளே மூன்று பேர் அரிசி பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதே வாரம் அந்தத் தெருவிலிருந்து காய்ச்சல் முகாமையும் எடுத்துவிட்டார்கள். சிஸ்டர் அதிகாரியிடம் போய்ச் சண்டை போட்டார். அவர் என் பட்டியலைத் திருப்பிக் காட்டினாராம். வெளியே வந்த சிஸ்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். எனக்குக் கோபம்தான் வந்தது. நானா முகாமைத் தூக்கினேன்?

பத்து நாள் போயிருக்கும். அனகாபுத்தூரிலிருந்து ஷேர் ஆட்டோவில் ஒரு வயதான அம்மா வந்து இறங்கினார். சேலை முந்தானையால் மூக்கையும் வாயையும் பொத்தியிருந்தார். நேராக என் மேசைக்கு வந்தார்.

"காலைல நாலு பேரு வந்து என் வூட்டாண்ட மருந்து அடிச்சாங்க. பேனரு கட்னாங்க. எம்பொண்ணு பேரச் சொல்லி, உள்ள கீறாளான்னு கேக்குறாங்க. அவ கல்யாணம் கட்டிகினு போயி ஒம்பது வருசம் ஆவுது. அவளுக்கு இன்னா ஆச்சு? அவ எங்கப்பா கீறா?"

பெயரைச் சொன்னார். எனக்கு அந்தப் பெயர் தெரியாது. முந்தின நாள் பட்டியலில் தேடினேன். இருந்தது. அனகாபுத்தூர் முகவரி. கீழே, தற்போதைய முகவரி: மேற்படி. "லிஸ்ட்டுல உங்க வீடுதாம்மா இருக்கு," என்று அந்த அம்மாவிடமே சொன்னேன். என் வாயை என்ன சொல்வது. பின்னால் நின்றிருந்த சிஸ்டர் மெதுவாகச் சொன்னார்: "நம்ம கடை அக்கா சார் அது. நேத்து ராத்திரி ஜி.எச்.ல சேத்திருக்காங்க. அம்மாகிட்ட சொல்ல வேணாம்னு அவங்க வூட்டுக்காரர்கிட்ட கெஞ்சிட்டுப் போனாங்களாம்."

ஒரு வருடமாக அவரிடம் பருப்பும் சோப்பும் வாங்கியிருக்கிறேன். பெயர் கேட்டதில்லை. என் கையாலேயே அவர் பெயரைத் தட்டியிருக்கிறேன், யாரென்று தெரியாமல். பெற்றவளிடம் சொல்லக் கூடாதென்று அவர் மறைத்த ஒரே விஷயத்தை, நாலு பேரையும் ஒரு மருந்து டேங்கையும் அனுப்பி வாசலில் நின்று சொல்ல வைத்தது என்னுடைய அந்த ஒற்றை வார்த்தை.

சிஸ்டர் அந்த அம்மாவை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனார். வார்டுக்குள் விடவில்லை. மூன்றாம் நாள் அக்கா இறந்துபோனார். அந்த மரணமும் அனகாபுத்தூர்க் கணக்கில்தான் ஏறியது. அன்று மாலையும் ஏரிக்கரைத் தெருவுக்கு நேராக நான் அனுப்பிய எண் பூஜ்ஜியம்.

அடுத்த இரண்டு நாள் சிஸ்டர் என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அப்போதுதான். பழைய பட்டியல்களில் இருந்த எண்களுக்கெல்லாம் இருவரும் ஃபோன் போட்டோம். "இப்ப எங்க படுத்திருக்கீங்க?" இவ்வளவுதான் கேள்வி. எங்கள் பகுதியிலேயே அதிகப் பேர் படுத்துக் கிடந்தது அந்தத் தெருவில்தான். திருத்திய பட்டியலைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். தேதி முடிந்தவற்றைத் திறந்து திருத்த முடியாது, கணினி அனுமதிக்காது என்றார்கள். முகாமை மட்டும் திரும்பப் போட்டார்கள். சிஸ்டர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. ஒப்பந்தம் முடிந்து நான் கிளம்பும் நாளில்கூட, "உடம்பப் பாத்துக்கோங்க சார்," என்றுதான் சொன்னார்.

இப்போது மேடவாக்கத்தில் வாடகைக்கு இருக்கிறேன். மறுபடி டிக்கெட் போடுகிற வேலை. போன மழைக்குக் காய்ச்சல் வந்து ரத்தப் பரிசோதனைக்குப் போனேன். என் ஆதாரில் இன்னும் பழைய தாம்பரம் வீடுதான் இருக்கிறது. அதை மாற்றத் தேவையான வாடகை ஒப்பந்தத்தை எழுதிக் கொடுக்க வீட்டுக்காரர் இழுத்தடிக்கிறார். கவுன்டரில் இருந்த பெண் அட்டையைப் பார்த்துத் தட்டிக்கொண்டே, "இதே அட்ரஸ் போட்டுடறேன் சார்," என்றாள். இல்லம்மா, இப்போது இருப்பது வேறு இடம் என்றேன். "பரவால்ல சார், இதுவே போதும்." எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை, அப்படி ஒரு சத்தம் போட்டேன். நான் எங்கே படுத்துக் கிடக்கிறேனோ அதை எழுது என்று கத்தினேன். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண் கண் கலங்கி, முகவரியை மாற்றிக் கொடுத்தாள். இருபத்திரண்டு வயதுகூட இருக்காது.

வெளியே வந்து பைக் அருகே நெடுநேரம் நின்றேன். அந்தப் பெண் என்ன தப்பு செய்தாள், பாவம். அவள் இடத்தில் நான் உட்கார்ந்திருந்தபோது, சிஸ்டர் ஒரே ஒரு நாள் என்னிடம் இப்படிக் கத்தியிருக்கலாம்.