காய்ச்சல் வீட்டு ரொட்டி

போன வாரம் மருமகள் புதிதாக வாங்கிய ஓவனில் பன் சுட்டாள். வாசம் வீடு முழுக்கப் பரவியது. மற்றவர்களுக்கு நாக்கில் எச்சில் ஊறியிருக்கும். எனக்கோ வீட்டில் யாருக்கோ காய்ச்சல் என்றுதான் தோன்றியது. எழுந்து போய் பேரன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், மகன் நெற்றியைத் தொட்டேன், கையோடு என் நெற்றியையும். "என்னத்தே, யாருக்கு என்ன?" என்று மருமகள் சிரித்தாள். உங்களுக்கும் சிரிப்பு வரும். சிரியுங்கள், ஆனால் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

நான் சிறுமியாக இருந்த காலத்தில் ஆரப்பாளையத்தில் எங்கள் தெருவுக்கு ரொட்டி தின்பண்டமே இல்லை. நோயாளியின் சாப்பாடு. ரொட்டிப் பொட்டலத்தோடு ஒருவர் நடந்தால், "யாருக்குண்ணே காய்ச்சல்?" என்று நாலு பேர் நிறுத்திக் கேட்பார்கள். நன்றாக இருக்கிறவன் ரொட்டி தின்றால் நோயை வலியக் கூப்பிடுவதாக அர்த்தம். எதிர் வீட்டுக் கனகு காய்ச்சலில் விழுந்து ஒரு வாரம் பாலும் ரொட்டியும் சாப்பிட்டாள். எட்டாம் நாள் அவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவளைக் கொன்றது ரொட்டிதான் என்பதில் தெருப் பிள்ளைகள் யாருக்கும் சந்தேகம் இல்லை.

அடுத்த மாதமே அதே காய்ச்சல், இப்போது டைபாய்டு என்கிறார்களே அந்த இருபத்தொரு நாள் காய்ச்சல், என் தம்பி பாண்டிக்கு வந்தது. அவனுக்கு ஆறு வயது. காய்ச்சல் ஒருவழியாக இறங்கியபோது பாயோடு பாயாக ஒட்டிக் கிடந்தான். "சோறு ஒரு பருக்கை கூடக் கூடாது, குடல் புண்ணாயிருக்கு. ரொட்டி தின்னா பொழைச்சுக்குவான்" என்றார் டாக்டர். தின்னாவிட்டால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை.

கடை ரொட்டியைக் கண்டதும் பாண்டி வாயை இறுக்கிக்கொண்டான். "நான் மாட்டேன். கனகக்கா மாதிரி என்னையும் தூக்கிட்டுப் போயிருவாங்க."

இரண்டு நாள் கெஞ்சியும் பலனில்லை. பார்லித் தண்ணீரைக் கொடுத்தால் வாந்தி. மூன்றாம் நாள் அம்மா எழுந்து சேலையை இழுத்துச் செருகினாள். "அவனுக்கு மட்டும்னு வாங்குனாத்தேன் அது காய்ச்சக்காரன் ரொட்டி. எல்லாருக்கும் வீட்ல சுட்டா அது பலகாரம்."

யுத்த காலம். ரேஷனில் அரிசிக்குப் பதிலாகப் போட்ட கோதுமை, என்ன செய்வதென்று தெரியாமல் மூலையில் கிடந்தது. அதைத் திருகையில் அரைத்து, மெல்லிய துணியில் சலித்தாள். மாவு பொங்கக் கள் ஊற்ற வேண்டும் என்று ரொட்டிக் கடைக்காரர் சொல்லியிருந்தார். அப்பாவுக்கு ஏழரை பிடித்தது அங்கேதான். கதர் கட்டியவர், எங்கள் பக்கத்துக் கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்தவர். இங்கே வாங்கினால் மானம் போகும் என்று சமயநல்லூர் வரைக்கும் நடந்து போய், ஒரு செம்புக் கள்ளைத் துண்டுக்குள் மறைத்துக் கொண்டுவந்தார். வாசம் வழியெல்லாம் அவரைக் காட்டிக் கொடுத்திருக்கும். அவரைப் பார்த்து அன்று யாரும் சிரிக்கவில்லை.

இரும்புச் சட்டியில் மணலைக் கொட்டிச் சுட வைத்து, தட்டில் மாவு உருண்டைகளை அடுக்கி உள்ளே இறக்கி, மூடிமேல் தணலை வாரிப் போட்டாள் அம்மா. முதல் ஈடு அடி கருகி நடு வேகாமல் போனது. மறு ஈட்டில் நாலு ரொட்டி, உள்ளங்கை அளவில், செவசெவவென்று தேறின. வீட்டில் நாங்கள் நாலு பேர்.

சாயங்காலம் பாண்டியின் பாயைச் சுற்றி உட்கார்ந்தோம். தீபாவளிக்கு எடுக்கிற தட்டில் ரொட்டி வந்தது. பாண்டி எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தான். பெரியவர்களை அவன் நம்பவில்லை.

"அக்கா, நீ மொதல்ல தின்னு."

அம்மா ஒரு ரொட்டியை எடுத்து என் கையில் கொடுத்தாள். தின்றால் நான் சாவேன், தின்னாவிட்டால் அவன் சாவான். பத்து வயதில் எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அம்மா என்னைப் பார்க்காமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடித்தேன். புளித்தது, மணல் நறநறத்தது. எச்சில் வற்றிப்போன வாயால் அதை விழுங்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"நல்லாருக்கா?"

"நல்லாருக்குடா."

பாலில் நனைத்த ஒரு விள்ளலை அவன் வாங்கிக்கொண்டான். அப்புறம் இன்னொன்று. அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அன்று முதல் தினமும் காலையில் கண் விழித்ததும் என் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். எட்டாம் நாள் அம்மா பார்த்துவிட்டாள். விஷயத்தைச் சொன்னேன். என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, "உன் கையில குடுக்கிறப்ப எனக்கும் பயமாத்தேன்டி இருந்துச்சு" என்றாள். அந்த எட்டு நாளில் என்னை அதிகம் பயமுறுத்தியது அந்த ஒரு வார்த்தைதான்.

இன்று கனகு வீடு இருந்த இடத்தில் லாட்ஜ் நிற்கிறது. அந்தக் காய்ச்சலுக்கு மாத்திரை வந்துவிட்டது. ரொட்டி வாங்கிப் போகிறவரை நிறுத்தி, யாருக்குக் காய்ச்சல் என்று கேட்க ஆளில்லை. பாண்டி வளர்ந்து, மணமுடித்து, பேரன் பேத்தியும் பார்த்தான். ஆற்றில் இறங்குவதானாலும் சரி, ஊசி போட்டுக்கொள்வதானாலும் சரி, "அக்கா, நீ மொதல்ல" என்பான் கடைசிவரைக்கும். போன தை மாதம் எனக்கு முன்னால் போய்விட்டான்.

மருமகள் தட்டை நீட்டினாள். ஒரு பன்னை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "நீ மொதல்ல" என்று யாராவது சொல்வார்கள் எனக் காத்திருந்தேன்.