பல்கனிக்குப் போன வான்கோழி

போன கிழமை பால் வாங்க மூலைக் கடைக்குப் போய்க்கொண்டிருந்தேன். நாங்கள் இருக்கும் வில்லரேப் பகுதியின் பின்சந்து ஒன்றில் ஒரு மணம் வந்து என் சட்டையைப் பிடித்து நிறுத்தியது. யாரோ ஒரு வீட்டில் இறைச்சி வாட்டுகிறார்கள், பக்கத்து வீட்டில் யாரோ சாம்பிராணி போட்டிருக்கிறார்கள். ஊரில் இருக்கும் உங்களுக்கு இவை இரண்டு மணங்கள். ஒன்று வருகிற நாளில் மற்றது வராது. எனக்கோ இந்த மொன்றியலில் அது ஒரே மணம். அதற்கென்று ஒரு நாள்கூட உண்டு, ஒக்டோபர் மாதத்தின் இரண்டாவது திங்கட்கிழமை.

அந்த நாளை ஆங்கிலக்காரர் தாங்க்ஸ்கிவிங் என்பார்கள். விளைந்ததற்கு நன்றி சொல்லி, வான்கோழி வாட்டி, குடும்பமாக மேசையைச் சுற்றி உட்காருவார்கள். எங்கள் தெருப் பிரெஞ்சுக்காரருக்கு அது வெறும் லீவு. ஏரிக்கரை வீட்டைக் குளிர்காலத்துக்குப் பூட்டிவிட்டு வரப் போவார்கள். இரண்டு பக்கமும் சேராத நாங்கள், பல வருடங்களாக அந்தத் திங்களில் துணி துவைத்தோம். அதைப் பண்டிகையாக்கியவர் சூசை அண்ணை.

மன்னார்க்காரர். நகர நடுவில் ஒரு ஹோட்டல் குசினியில் பன்னிரண்டு வருடம் நின்றவர். நான் வந்த புதிதில் அதே குசினியில் கோப்பை கழுவினேன். முதல் தாங்க்ஸ்கிவிங் அன்று நாற்பது வான்கோழிகள் வரிசையாகப் பொன்னிறமாகி வெளியே போவதைப் பார்த்து, "என்னண்ணை, கலியாணமோ?" என்று கேட்டேன். "இல்லையடா, இது இவையின்ரை பொங்கல். நாங்கள் சூரியனுக்குப் படைக்கிறம், இவை தங்களுக்கே படைக்கினம். கெட்டிக்காரர்!" என்றார். மிஞ்சிய கழுத்தையும் செட்டையையும் சட்டியிலிருந்து எடுத்து, சுவரோடு சாய்ந்து நின்றபடி இருவரும் தின்றோம். ஐந்து நிமிடம்தான், அதற்குள் மணி அடித்துவிட்டது.

நான் அந்த வேலையை விட்டுவிட்டேன், அவர் விடவில்லை. ஒரு வருடம் கோடையில் அவருடைய மனைவியும் பிள்ளைகளும் ரொறன்ரோவுக்குக் குடிபெயர்ந்தார்கள். இவர் வேலைக் கணக்கை முடித்துக்கொண்டு பின்னால் போவதாக ஏற்பாடு. ஜூலை முதலாம் திகதியோடு வாடகை வீட்டையும் கொடுத்தாயிற்று. அன்றிலிருந்து எங்கள் ஹோல் சோபாதான் அவருக்குப் படுக்கை. என் நாலு வயது மகன் கபிலனுக்கு அவர் குதிரை, ஆறு வயது மகள் ஆரணிக்கு அவர்தான் வீட்டிலேயே மோசமான பிரெஞ்சு பேசுகிற ஆள். அவருடைய பிரெஞ்சைவிடத் தன் தகப்பனின் பிரெஞ்சு மோசம் என்பது அவளுக்கு இன்னும் தெரியாது.

போவதற்கு ஒரு கிழமைக்கு முன்பு, தேத்தண்ணீர் குடிக்கும்போது சும்மா சொல்வதுபோல ஒன்றைச் சொன்னார். "ஆயிரம் வான்கோழி வாட்டியிருப்பன். ஒருநாளும் கதிரையிலை இருந்து, ஒரு மேசையிலை, குடும்பம் குழந்தையோடை சாப்பிட்டதில்லை. போக முதல் ஒருக்கா எண்டு ஒரு ஆசை." அவருடைய பஸ் திங்கட்கிழமை பின்னேரம் ஆறரைக்கு. அதாவது அதே திங்கள்.

நான் உடனே தலையாட்டிவிட்டேன். ஆட்டிய பிறகுதான் என் மனைவி வசந்தியின் முகத்தைப் பார்த்தேன். நவராத்திரி. ஹோலின் மூலையில் கும்பம் வைத்து, அதன் முன்னால் பிள்ளைகளின் புத்தகங்களை அடுக்கிப் பூவும் வைத்திருந்தாள். விரதம். அந்தத் திங்களேதான் சரஸ்வதி பூசை.

"கும்பம் எடுக்கும் வரைக்கும் இந்த வீட்டு அடுப்பிலை மச்சம் ஏறாது," என்றாள். மச்சம் என்றால் எங்கள் பக்கத்தில் மீனும் இறைச்சியும்.

"ஐயோ தங்கச்சி, நான் சும்மா சொன்னது," என்றார் சூசை அண்ணை. கும்பம் வைத்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் முட்டையைக்கூட வாயால் சொல்லாத கத்தோலிக்கர் அவர்.

வசந்தி பல்கனிக் கதவைப் பார்த்தாள். "பல்கனி வீட்டுக்கு வெளியிலைதானே?"

இப்படித்தான் வான்கோழி பல்கனிக்குப் போனது. ஊரில் விரத நாட்களில் மச்சச் சட்டியை வளவின் கோடிக்கு அனுப்புவோமே, அதே சட்டம்தான். வளவு மட்டும் இரண்டாம் மாடியில், ஆறடிக்கு நாலடி. காஸ் அடுப்பின் மூடிக்குள் பறவையை வைத்து, குல்லாவும் மப்ளருமாகக் காலையிலேயே காவலுக்கு நின்றார் சூசை அண்ணை. பல்கனிக் கதவைத் திறந்து, உள்ளே ஒரு மேசை, வெளியே ஒரு மேசை, இரண்டையும் முட்ட வைத்தேன். நடுவில் நிலைப்படி. உள்ளே வருபவர் கால் கழுவ நிலைப்படியில் ஒரு பேசினில் தண்ணீரும் வைத்தாள் வசந்தி. சட்டம் போட்டது அவள், அதை விளையாட்டாக்கியது பிள்ளைகள். ஒரு துண்டு இறைச்சிக்கு வெளியே ஓட்டம், ஒரு வடைக்கு உள்ளே ஓட்டம், நடுவில் தொம்மென்று தண்ணீருக்குள் குதிப்பு. பின்னேரத்துக்குள் நிலைப்படியே குளமாகிவிட்டது. வீட்டின் சூடெல்லாம் வெளியே போக, வெளியின் குளிரும் புகையும் உள்ளே வந்து சாம்பிராணியோடு குடித்தனம் பண்ணத் தொடங்கின.

ஆற்றுக்கு அக்கரைப் புரோசார்டிலிருந்து நண்பர் ரகு வந்திருந்தார். சென்னைக்காரர், எஞ்சினியர். "புரட்டாசி மாசத்துல என்னை இதுக்கா சார் கூப்பிட்டீங்க?" என்று உள்மேசையில் உட்கார்ந்தார்.

"பயப்பிடாதேங்கோ. உங்கடை பக்கம் பருப்பு, எங்கடை பக்கம் பறவை," என்றார் சூசை அண்ணை.

"அது சரிண்ணே. வாசனைக்கு எல்லை போட முடியலையே!"

மேல்வீட்டு மதாம் லூசி, புகையைப் பார்த்துத் தீப்பிடித்துவிட்டதென்று படியிறங்கி ஓடி வந்தார். வான்கோழியைப் பார்த்தார், உள்ளே பூச்சூடிய புத்தகங்களைப் பார்த்தார். நெஞ்சில் கை வைத்து, இது உங்கள் நாட்டுப் பண்டிகையா என்று கேட்டார். "நோன் மதாம், உங்களுடையது!" என்றாள் ஆரணி, அவருடைய மொழியிலேயே. மதாம் விழித்தார். எங்களுடையதா? தன் வீட்டில் ஒருநாளும் கொண்டாடியதில்லையாம். அவர் கொண்டாடாத அவருடைய பண்டிகையை, அதற்குச் சொந்தமில்லாத நாங்கள் கொண்டாடுகிறோம் என்பதை என் பிரெஞ்சில் விளக்கப் போனேன். புத்தகங்களுக்கு நன்றி சொல்லும் வழக்கம் மிக அழகானது என்று பாராட்டிவிட்டு, ஒரு தட்டில் இறைச்சியும் இன்னொரு தட்டில் அவலுமாக அவர் மேலே போய்விட்டார். விட்டுவிட்டேன். அதுவும் பொய்யில்லைதானே.

மணி ஐந்தாகியது. வெளிமேசையில் சூசை அண்ணைக்கென்று போட்ட கதிரை அப்படியே கிடந்தது. அவர் நின்றுகொண்டே வெட்டினார், பிள்ளைகளுக்கு ஊட்டினார், என் தட்டை நிரப்பினார், அடுப்பைத் துடைத்தார். "அண்ணை, இருங்கோவன்," என்றேன். "பேந்து, பேந்து," என்றார், பிறகு பார்க்கலாம் என்று. ஐந்தேகால், மறுபடியும் "பேந்து." பறவையில் பாதி எலும்பாகிவிட்டது. நான் எழும்பிக் கத்தியை வாங்கப் போனேன். "நீ கோப்பை கழுவினவன், உனக்கு வெட்டத் தெரியாது," என்று சிரித்துத் தள்ளிவிட்டார். பன்னிரண்டு வருடப் பழக்கம் அவருடைய கால்களை மடங்க விடவில்லை. இப்படியே ஆறு மணியாகும், இவர் நின்றபடியே பஸ் ஏறிவிடுவார் என்று எனக்குள் ஒரு பதற்றம்.

அப்போது வசந்தி உள்மேசையிலிருந்து எழும்பினாள். சேலையை ஒரு கையால் தூக்கிப்பிடித்து, பேசினைத் தாண்டி, பல்கனியில் கால் வைத்தாள்.

"கத்தியைத் தாங்கோ."

"தங்கச்சி, நீங்கள் விரதம்…"

"தாங்கோ அண்ணை. உங்கடை பேந்து ஒருநாளும் வராது."

"அக்கா, பூஜை…" என்றார் ரகு உள்ளேயிருந்து.

"சரஸ்வதி பாத்துக்கொண்டுதான் இருக்கிறா. பாக்கட்டும்."

சூசை அண்ணை உட்கார்ந்தார். கதிரையின் நுனியில், மணி அடித்தால் எழும்பிவிடத் தோதாக. "எந்தப் பக்கம் வேணும்?" என்று கேட்டாள் வசந்தி. அந்தக் கேள்வியை அதுவரை அவர்தான் பரிமாறுபவர்களிடம் கேட்டு வெட்டியிருக்கிறார். "கழுத்து…" என்று இழுத்தார்.

"கழுத்து பூனைக்கு." நெஞ்சுப் பக்கத்தை, கோணலாக, தடிப்பாக வெட்டி அவர் தட்டில் வைத்தாள். கபிலன் அவர் மடியில் ஏறினான். ஆரணி பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தாள். கொஞ்சம் கொஞ்சமாகக் கதிரையின் முதுகில் சாய்ந்தார். மென்றார். நாங்கள் எல்லோரும் அவருடைய வாயையே பார்த்தோம்.

"உப்புக் காணாது," என்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

ஆறு மணிக்கு அவருடைய பையை நான் தூக்கினேன். முன்கதவால் போகவில்லை. மச்சம் தொட்ட வசந்தியால் தலைமுழுகாமல் வீட்டுக்குள் நடமாடி முன்கதவுக்கு வர முடியாது என்பதால், பல்கனியின் பின்படியால் இறங்கினோம். யாரும் யாருக்கும் நன்றி சொல்லவில்லை. எங்கள் ஆட்களுக்கிடையில் அதைச் சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். படியின் பாதியில் நின்று அவர் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். நிலைப்படியில் என் மனைவி, கொழுப்புப் படிந்த இரண்டு கைகளையும் உடம்பில் படாமல் விரித்துப் பிடித்தபடி, வீட்டுக்குள்ளும் இல்லாமல் வெளியிலும் இல்லாமல் நின்றாள். முதுகில் குத்துவிளக்கின் வெளிச்சம், முகத்தில் மேப்பிள் மரத்துக் காற்று.

"தங்கச்சி," என்றார் சூசை அண்ணை, "பச்சைத் தண்ணியிலை முழுகிப் போடாதேங்கோ. சுடுதண்ணியிலை முழுகுங்கோ."